வாய்த்தண்ணி

நாக்குமேட்டில் திராட்சை பல் தடத்தோடு காய்த்த வருசத்தைச் சொல்லச் சொன்னால் சொல்கிறேன். ஆனால் கையில் தின்கிற பண்டம் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கீழே வைத்துவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

அணையைக் கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது அது மூன்று பக்கமும் வயலை முழுங்கி, களத்தை முழுங்கி, கல்லறைத் தோட்டத்தையும் முழுங்கி, நடுவில் ஒரு நீள மேட்டை மட்டும் என்னவோ பாவம் பார்த்த மாதிரி விட்டுவைத்தது. தாகம் எடுத்த நாய் தொங்கவிடுகிற நாக்கைப் போல மலையடிவாரத்திலிருந்து ஏரிக்குள் நீண்டு கிடக்கும் அந்த மேடு. அதனால் அதற்கு அந்தப் பெயர். நாக்கின் அடியில் மாதா கோயிலும் வேலையாட்களின் லைன் வீடுகளும், அதைத் தாண்டினால் கொய்யாவும் சப்போட்டாவும், அதையும் தாண்டினால் நாக்கு நுனி தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பன்னீர்த் திராட்சைப் பந்தல். எதிர்க்கரையில் காரை நிறுத்தி இறங்குகிறவர்கள் ஆகா ஆகா என்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கென்ன, படத்தில் வாடை வராது. இங்கே நிற்கிறவர்களுக்குத்தான் பூஞ்சை பிடிக்காமல் மயில்துத்தம் அடித்த இலையின் காட்டமும், வெயிலில் வற்றிய சேற்றில் செத்து மிதக்கிற கெண்டையின் நாற்றமும், பச்சைப் பாசி படிந்த தண்ணீரின் நெடியும் ஒன்றாகச் சேர்ந்து மூக்குக்குள் குடியேறும்.

அந்தப் பந்தல் மொத்தமும் இன்னாசிமுத்து முதலாளிக்குச் சொந்தம். அவருடைய அப்பா காலத்தில் வந்த வழக்கம்தான் வாய்த்தண்ணி. பழம் பறிக்கிறவள் பழம் தின்பாள் என்பது அந்தப் பெரியவருக்குச் சந்தேகம். தின்னாதே என்றால் கேட்க மாட்டாள் என்பது தீர்மானம். பறிக்கிறபோது பாட்டுப் பாடச் சொல்லிப் பார்த்தாராம். பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்குகிற சாக்கில் மெல்லுகிறார்கள் என்று யாரோ கோள் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து, பந்தல் வரிசைக்குள் நுழைகிற ஒவ்வொரு பொம்பளையும் ஏரித் தண்ணீரை ஒரு வாய் அள்ளி அடக்கிக்கொண்டு, அதை முழுங்காமல் துப்பாமல், கையை மேலே தூக்கித் தூக்கிக் கொத்தைக் கத்தரித்துக் கூடையில் போட்டுக்கொண்டே, வரிசைக் கடைசிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே கடைசிக் கல்தூணின் கீழே வெள்ளை எனாமல் பேசின் ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் தொம்மை கங்காணி இருப்பான். துப்ப வேண்டும். அவன் குனிந்து பார்ப்பான். தண்ணீர் நிறம் மாறியிருந்தால் அவள் தின்றிருக்கிறாள். மாறாமல் இருந்தால் யோக்கியவதி. பார்த்து முடித்ததும் பேசினைத் தூக்கி அவள் பறித்த வரிசைக் கொடியின் வேரிலேயே கவிழ்த்துவிடுவான்.

"தண்ணிய வீணாக்கக் கூடாதுல்ல" என்பான், ஏதோ தர்மம் செய்கிறவன் போல.

இது ஆம்பளைகளுக்குக் கிடையாது. பெட்டி தூக்குகிற ஆம்பளைகள் வாய் நிறையப் பீடி வைத்துக்கொண்டு, ரெண்டு பழத்தையும் எறிந்து வாயால் பிடித்துக்கொண்டு போவார்கள். நாங்கள் கன்னம் இரண்டும் உப்ப, குரங்குகள் கடலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி, கண்ணாலேயே பேசி, கண்ணாலேயே சண்டை போட்டு, கண்ணாலேயே சிரித்துப் பழகினோம். தலைமுறை தலைமுறையாக அந்தக் கொடிகள் எங்கள் வாயைக் குடித்து வளர்ந்தன. வெற்றிலை வாய், புகையிலை வாய், பழைய கஞ்சியும் வெங்காயமும் மணக்கிற வாய், காய்ச்சல் கண்ட வாய், அழுதுவிட்டு வந்த வாய் எல்லாவற்றையும் குடித்தன.

ஆக, அந்த வருசம் கொடியை வெட்டும் கவாத்து முடிந்து, கொடி தளிர்த்து, பூத்து, காய் மிளகாகி, மிளகு சுண்டைக்காயாகி, நிறம் திரும்புகிற சமயத்தில், ஒவ்வொரு பழத்திலும் ஒரு கடி இருந்தது. மேலே வளைவாக ஒரு பல் வரிசை, கீழே வளைவாக ஒரு பல் வரிசை. தோல் கிழியவில்லை, அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். பள்ளத்தில் எச்சில் நின்றது. கொத்தைத் தூக்கினால் அது நூல் நூலாக இழுத்துக்கொண்டு கையில் வழிந்தது. காலையில் பந்தலுக்குள் நுழைந்தால், நூறு பேர் படுத்து எழுந்த அறையைத் திறந்த மாதிரி, தூங்கி எழுந்த வாய் நாற்றம் இளஞ்சூடாக முகத்தில் அடித்தது.

முதலில் வௌவால் என்றார்கள். வௌவாலுக்கு ஏது இத்தனை ஒழுங்கான பல் என்றதும் அணில் என்றார்கள். விவசாய ஆபீசர் வந்து மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பார்த்து, இது பூஞ்சை என்று சொல்லி ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். அடித்தோம். பல் தடம் அப்படியே இருந்தது. எச்சில் மட்டும் கசப்பு வாடை சேர்ந்து நுரைத்தது. கொத்துக்குக் கொத்து காகிதப் பை மாட்டினோம். பை உள்ளேயிருந்து நனைந்து ஊறிப் பிய்ந்து விழுந்தது. மாதா திருவிழாவுக்குச் சப்பரத்தில் திராட்சைக் கொத்து கட்டுவது வழக்கம். அந்த வருசம் சாமியார் ஒரு கொத்தைக் கையில் வாங்கி, உடனே பக்கத்தில் நின்றவனிடம் தள்ளிவிட்டு, அங்கியிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருசம் செவ்வந்திப் பூப் போதும்" என்றார்.

ஆனால் மனுசர்கள் எதற்கும் பழகிப்போவார்கள். ஒரு பத்துப் பதினைந்து நாள் எல்லோரும் ஓங்கரித்தோம், அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவும், பேசிச் சிரிக்கவும், அதை வைத்துக் காரியம் பார்க்கவும் தொடங்கிவிட்டோம். பிள்ளைகள் பழத்தைப் பிடித்துக்கொண்டு இது யார் பல் யார் பல் என்று விளையாடினார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னால் அவள் அம்மா பறிக்கிற வரிசையில் போய் ஒரு கொத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். அதிலிருந்து ஊரில் எல்லாப் பொம்பளைகளும் செங்கல் பொடியும் உப்பும் வைத்து ஈறு கிழியப் பல் விளக்கினார்கள். பழத்தில் ஏறியது ஏறியதுதான்.

சந்தையில் வியாபாரி முதல் பெட்டியைத் திறந்தார், மூடினார், திரும்பி நின்று வாந்தி எடுத்தார். அந்த வாந்தியில்தான் இன்னாசிமுத்து முதலாளிக்குக் கோபம் வந்தது. எல்லாப் பொம்பளைகளையும் கோயில் வாசலில் வரிசையாக நிற்க வைத்தார்.

"எவளோ தின்னுருக்கீங்க. ஒருத்தி ரெண்டு பேரு இல்ல, ஒரு கூட்டமே தின்னுருக்கீங்க" என்றார்.

"கொடியில இருக்கிற பழத்த, கொடியில இருக்கையிலேயே, கிழிக்காம, ஒவ்வொண்ணாவா மொதலாளி கடிச்சிக்கிட்டு இருப்போம்?" என்று கேட்டாள் சலேத்தம்மா. எங்களில் மூத்தவள் அவள். அவள் வாய்க்குத் தொம்மை கங்காணியே ஒதுங்கிப் போவான். "எங்களுக்கு அம்புட்டு நேரம் இருந்தா வீட்ல ஒரு வாய்ச் சோறு ஆக்கித் தின்ன மாட்டமா?"

"பேசாத. கடி" என்றார் முதலாளி.

ஆளுக்கொரு கொய்யாத் துண்டு கொடுத்தார்கள். கடித்தோம். தொம்மை அந்தத் துண்டுகளை ஒரு பலகையில் பரப்பி, வரிசை வரிசையாகப் பழத்தோடு வைத்துப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் சுண்டியது. யாரையும் பிடிக்க முடியவில்லை, ஏனென்றால் எல்லோரும் பிடிபட்டோம். யார் எந்த வரிசையில் பறித்துத் துப்பினாளோ அந்த வரிசைப் பழத்தில் அவள் பல். சலேத்தம்மாவின் முன்வரிசை ஓட்டை மூன்றாம் பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

ஏரியை ஒட்டின கடைசி வரிசைப் பழத்துக்கு மட்டும் எந்தக் கொய்யாத் துண்டும் பொருந்தவில்லை. அந்தக் கடியில் மேல் பல் ஒன்று சாய்வாக, கத்தியால் சீவின மாதிரி உடைந்திருந்தது.

தொம்மை அதை எடுத்துச் சுருக்காகப் பைக்குள் போட்டான். ஆனால் சலேத்தம்மா பார்த்துவிட்டாள். நாங்களும் பார்த்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, அப்போது வாயில் தண்ணீர் இல்லாமல் இருந்தும்.

அது செவத்தியாள் பல். செவத்தியாள் அந்தக் கடைசி வரிசையில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பறித்தவள். ஒரு பழம் தின்றதில்லை. தின்ன வேண்டும் என்று நினைத்தாளா என்றால், கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு மழை நாளில் சேறு வழுக்கி, கூடையோடு முன்னால் போய்க் கல்தூணில் முகம் மோதி விழுந்தாள். பல் உடைந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தண்ணீர் போய்விடும், தண்ணீர் போய்விட்டால் தின்றதாக ஆகிவிடும் என்று, உடைந்த பல்லையும் உள்ளேயே அடக்கிக்கொண்டு எழுந்து, மிச்ச வரிசையையும் பறித்து முடித்து, பேசினில் வந்து துப்பினாள். சிவப்பாக விழுந்தது. தொம்மை கங்காணி குனிந்து பார்த்துவிட்டு, "பழம்" என்றான்.

"ரத்தம் கங்காணி" என்றாள் அவள்.

"பழம்" என்றான் மறுபடியும். அதோடு முடிந்தது. அந்தப் பேசினை அன்று சாயங்காலம் வரைக்கும் கோயில் வாசலில் எல்லோரும் பார்க்க வைத்திருந்தார்கள். ஈ மொய்த்தது. அதற்குப் பிறகு அவள் தாடை வீங்குவதும் வற்றுவதுமாக, எப்போதும் ஒரு கிராம்பை அந்த உடைந்த பல்லுக்கு அடியில் அடக்கிக்கொண்டு சில வருசம் இருந்தாள். ஒரு வீக்கம் வற்றாமலே போய்ச் சேர்ந்தாள். அவள் போன பிறகு அந்த வரிசைக்குள் போக எந்தப் பொம்பளையும் ஒப்பவில்லை. ஆம்பளைகளை விட்டுத்தான் பறித்தார்கள்.

இப்படியாக, திருடி கிடைக்காத திருட்டை முதலாளி என்ன செய்ய முடியும்? அவர் அதை வியாபாரமாக்கினார். பழரசக் கம்பெனிக்காரன் ஒருவன் லாரியோடு வந்தான். கையில் ரப்பர் உறை, வாயில் முகமூடி. ஒரு பழத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பிழிஞ்சா பல்லு தெரியாதுங்க" என்றார் முதலாளி.

"சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போட்டா வாடையும் தெரியாது" என்றான் அவன்.

பேச்சு முடிந்தது. லாரி லாரியாகப் போனது. எந்த ஊரிலோ எந்தப் பிள்ளைகளோ குழல் வைத்து உறிஞ்சிக் குடித்திருக்கும். அதைவிடவும் அருவருப்பான காரியம் ஒன்று சொல்கிறேன்: வாய்த்தண்ணியை நிறுத்தவில்லை. ஊரே பார்க்கச் சகிக்காத அந்தப் பழத்தை, வியாபாரி வாந்தி எடுத்த அந்தப் பழத்தை, நாங்கள் தின்றுவிடுவோம் என்று, முன்னைப் போலவே வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டுதான் பறிக்க வேண்டும் என்றார்கள்.

"எச்சிப் பழத்தக் காக்கிறதுக்கு இன்னொரு வாய் எச்சியா?" என்றாள் சலேத்தம்மா. "இவங்க தலைக்குள்ள என்னத்தத்தான் வச்சுத் தச்சானோ கடவுளு."

இந்தச் சமயத்தில்தான் செவத்தியாள் மகள் ரோணிக்கம் மாசமாக இருந்தாள். ஏற்கெனவே ஒன்று தங்காமல் போயிருந்தது. அவள் புருசன் அருளப்பன் பரிசல் ஓட்டுகிறவன். பெட்டிகளை அக்கரைக்குக் கொண்டுபோய் லாரியில் ஏற்றுவது அவன் வேலை. பரிசலும் முதலாளியுடையது, குடியிருந்த லைன் வீடும் முதலாளியுடையது. பழம் பறிக்கிற காலத்தில் வீட்டுப் பொம்பளை பந்தலுக்கு வரவில்லை என்றால் வீட்டை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் ரோணிக்கமும் வந்தாள்.

மசக்கை எல்லோருக்கும்தான் வருகிறது. அவளுக்கு வந்தது வேறு மாதிரி. சோறு தங்கவில்லை, கஞ்சி தங்கவில்லை, புளித்தண்ணி தங்கவில்லை, வெறும் தண்ணீர்கூடத் திரும்பி வந்தது. கண் இரண்டும் உள்ளே போய், கழுத்து எலும்பு மட்டும் தனியாக நடந்து வருகிற மாதிரி வந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுக் குளுகோஸ் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சேருகிறதுக்குள் பரிசலிலேயே மறுபடியும் குனிந்துவிட்டாள். வாரம் ஒரு தடவை வருகிற நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அருளப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது ஒண்ணு அவ வயித்துல தங்கணும்ப்பா. தங்கலேன்னா பிள்ளையும் தங்காது, அவளும் தங்க மாட்டா" என்றாள்.

அந்த வயிற்றோடு அவள் வாயில் பாசி மணக்கிற ஏரித் தண்ணீரை அடக்கிக்கொண்டு, தலைக்கு மேலே அத்தனை வாயும் மூச்சுவிடுகிற பந்தலுக்குள் நடக்க வேண்டும். பாதி வரிசையில் கொட்டிவிடுவாள். தொம்மை கங்காணி ஓடி வருவான். என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்? ஒரு குச்சியை ஒடித்து அந்த வாந்தியைக் கிளறித் தோல் கிடக்கிறதா, விதை கிடக்கிறதா என்று பார்ப்பான். நானே பார்த்தேன். குனிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற கவனத்தோடு கிளறுவான். அந்த வருசம் நான் பார்த்த எச்சில், நுரை, ஈ, எதுவும் எனக்கு அந்தக் குச்சி அளவுக்கு அருவருப்பாக இருக்கவில்லை.

அருளப்பன் ஒரு நாள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றான்.

"மொதலாளி, அவளுக்கு எதப் பாத்தாலும் கொமட்டுது. புளிப்பா ஏதோ கேக்குறா, என்னன்னு சொல்லத் தெரியல. ஒரு கொத்துப் பழம் குடுத்துப் பாக்கலாமான்னு…"

"எச்சிப் பழம்டா. ஒனக்கு அருவருப்பா இல்ல?"

"உசுரு தங்கினாப் போதும் மொதலாளி."

"இன்னைக்கு ஒரு கொத்தக் குடுத்தா நாளைக்கு லைன் வீடு பூராவும் மசக்கைன்னு வந்து நிப்பாளுக. போ, எலுமிச்சங்கா வாங்கிக் குடு."

அவருக்கு விற்க அருவருப்பாக இல்லாதது எங்களுக்குத் தின்ன அருவருப்பாக இருக்க வேண்டுமாம். அருளப்பன் அதை அவரிடம் சொல்லவில்லை. ஏரி நடுவில் போய்ப் பரிசலுக்குச் சொன்னான், துடுப்பை ஓங்கித் தண்ணீரில் அடித்துச் சொன்னான், அக்கரையில் துணி துவைத்தவர்களுக்குக் கேட்டது.

கம்பெனி லாரி கடைசி லோடுக்கு வந்த அன்று தொம்மை ரோணிக்கத்தைப் பார்த்து, "ஏத்தா, நீ இங்க வாந்தி எடுத்து எடுத்து என் பந்தலே நாறுது. ஏரிக்கரை வரிசைக்குப் போ. வந்தா தண்ணியப் பாத்துக் குனிஞ்சுக்க" என்றான். அவன் பந்தல் நாறுகிறதாம்! அவன் அருவருப்புப் பட்டுத்தான் அவளை அவள் அம்மாவின் வரிசைக்கு அனுப்பினான், வேறு எந்த நல்ல எண்ணத்திலும் இல்லை.

அவள் ஏரியில் ஒரு வாய் அள்ளி அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் எங்கள் வரிசைகளில் கன்னம் உப்ப நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கே விழுவாளோ என்று பயம். நாலு எட்டு வைத்தாள், நின்றாள். மூக்கைத் தூக்கினாள். பிறகு எங்களுக்கும் காற்றில் வந்தது: கிராம்பு. மற்ற வரிசைகளில் வாய் நாற்றம், இங்கே மட்டும் அந்த நாற்றத்துக்கு மேலே கிராம்பு.

செவத்தியாள் இருந்த காலத்தில் தன் மகளுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் தான் கடித்துத்தான் கொடுப்பாள். கடலை மிட்டாயோ, முறுக்கோ, பனங்கிழங்கோ, பிள்ளைகள் நாங்களெல்லாம் எச்சில் படாமல் இருக்கச் சட்டை நுனியைப் போட்டுக் காக்கா கடி கடித்துப் பங்கு வைப்போம். அவள் துணி போட மாட்டாள். "ஆத்தா, எச்சி" என்று ரோணிக்கம் சிணுங்கினால், "எனக்கும் ஒனக்கும் நடுவுல என்னடி துணி?" என்பாள். அந்தச் சாய்ந்த பல்லின் தடத்தோடு ஒரு துண்டு மகள் வாய்க்குள் போகும்.

ரோணிக்கம் கையைத் தூக்கி ஒரு கொத்தைப் பிடித்தாள். கத்தரிக்கவில்லை. பழத்தைத் திருப்பிப் பார்த்தாள். வாயிலிருந்த ஏரித் தண்ணீரை அந்தக் கொடி வேரில் துப்பினாள். அப்புறம் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த உடைந்த பல் அழுத்தின இடத்தில் தன் பல்லை வைத்துக் கடித்தாள். எச்சில் நூல் இழுத்தது. அவள் துடைக்கவில்லை. தோலோடு தின்றாள், விதையோடு தின்றாள், காம்பை உறிஞ்சினாள், விரலை நக்கினாள். இன்னொரு கொத்தை இழுத்தாள். நாங்கள் அவள் குமட்டுவதற்காகக் காத்திருந்தோம். ஏரியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது, லாரிக்காரன் ஆரன் அடித்தான், அவள் குமட்டவில்லை. தின்றுகொண்டே இருந்தாள். தாடையில் அந்தப் பழைய கிராம்பு வாசம் வழிய வழியத் தின்றாள்.

பிறகு மடியை உதறிவிட்டு எழுந்தாள். கடைசியாக ஒரு வாய்ப் பழத்தை மட்டும் முழுங்காமல் அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப, மற்ற நாள் நடப்பது போலவே வரிசைக் கடைசிக்கு நடந்தாள். அங்கே தொம்மை நின்றான். லோடைப் பார்க்க வந்த முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். ரப்பர் உறைக்காரனும் நின்றான். அவள் பந்தலுக்குள் உட்கார்ந்தது அவர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்த எங்கள் எல்லோர் வாயிலும் தண்ணீர்.

"துப்பு" என்றான் தொம்மை.

துப்பினாள். வெள்ளை பேசினில் கருஞ்சிவப்பாக, தோலும் சக்கையும் விதையுமாகச் சொத்தென்று விழுந்தது.

முதலாளி ஓர் அடி பின்னால் போனார். தொம்மை குனியப் போனவன் பாதியில் நின்றான். அவன் கண் பேசினுக்கும் அந்தக் கல்தூணுக்கும் போய்ப் போய் வந்தது. அந்தத் தூணில்தான் செவத்தியாள் மோதினாள். இத்தனை வருசம் கழித்து அவனுக்கு என்ன நினைப்பு வந்ததோ, உதடு வறண்டு, "என்னத்தா… ரத்தமா?" என்றான்.

"இல்ல கங்காணி" என்றாள் ரோணிக்கம். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் தெம்பாக இருந்தது. அப்படி ஒரு குரலை நாங்கள் அவளிடம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. "நல்லாக் குனிஞ்சு பாருங்க. அன்னைக்கு எங்காத்தா துப்புனதுதான் ரத்தம். இது பழம்."

அப்போது மூன்றாம் பந்தலை முடித்துத் துப்ப வந்து பேசினருகே நின்றவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அடைத்த குழாய் திறந்த மாதிரி. சலேத்தம்மா. சிரிப்பை அடக்கப் பார்த்திருக்கிறாள்; அது முதலில் மூக்கு வழியாக வந்து, பிறகு அந்த முன்பல் ஓட்டை வழியாகப் பீச்சியடித்து, தொம்மை கங்காணியின் வெள்ளைப் பனியன், முதலாளியின் கைக்குட்டை, ரப்பர் உறைக்காரனின் முகமூடி எல்லாவற்றின் மேலும் விழுந்தது. அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து நான், இப்படியே வரிசை வரிசையாக ஏரித் தண்ணீர் எங்கள் வாய்களிலிருந்து பீறிட்டது.

"ச்சீ! எச்சி! எச்சி!" என்று முதலாளி குடையை விரித்துக்கொண்டு ஓடினார்.

"ஆமா மொதலாளி, எங்க எச்சி" என்றாள் சலேத்தம்மா, இருமிக்கொண்டே. பிறகு தன் வரிசைக்குள் திரும்பிப் போய், கையைத் தூக்கி, தன் ஓட்டைப் பல் பதிந்த பழம் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"த்தூ, என் வாய் இம்புட்டு நாத்தமாடி? ஒருத்தியாவது சொன்னீங்களா?" என்றாள், இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டே.

அன்று லாரி பாதி லோடோடு போனது. ரோணிக்கத்துக்கு அந்த வரிசை தீர்கிற வரைக்கும் அந்தப் பழம்தான் சோறு. தங்கியது. வரிசை தீர்ந்தபோது கஞ்சியும் தங்க ஆரம்பித்திருந்தது. அவளை வீட்டைவிட்டு மாற்றச் சொல்லித் தொம்மை ஆள் அனுப்பினான். லைன் வீட்டுப் பொம்பளைகள் எல்லோரும் வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றோம். வந்த ஆள் எங்கள் கன்னங்களைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். அதோடு வாய்த்தண்ணியும் நின்றது, எங்கள் வாயில் தண்ணீரை நிரப்பச் சொல்ல எவனுக்கும் துணிவில்லை. அடுத்த கவாத்துக்குப் பிறகு பழங்கள் தடம் எதுவும் இல்லாமல் வழவழவென்று காய்த்தன, நாங்கள் வாயில் ஒன்றும் இல்லாமல் பேசிக்கொண்டே பறித்தோம். வேலையில்லாமல் கிடந்த அந்த எனாமல் பேசினில் ரோணிக்கம் பிள்ளையை உட்கார வைத்துக் குளிப்பாட்டினாள்.

அவ்வளவுதான். கீழே வைத்த பண்டத்தை இனி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பிள்ளை இருந்தால் ஒரு கடி கடித்துவிட்டு அதற்கும் கொடுங்கள்.